மூன்று வாரம் மாத்திரை எடுத்தும் மாற்றம் தெரியவில்லை: மனச்சோர்வு, பதற்றம் முதலிய மனநோய்களைப் பிரித்தறிவதும் சிகிச்சையும்

கரைவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 31. கடந்த இரண்டு மாதங்களாக அவனுக்கு எதிலும் ஈடுபாடு இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துக்கொண்டு படுத்தபடியே கிடக்கிறான். ஐந்து நிமிடத்தில் எழுதி அனுப்பிய மின்னஞ்சலுக்கு இப்போது அரை நாள் ஆகிறது. நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னதால் முதலில் இதயப் பரிசோதனைகள் செய்தோம். குறை ஏதும் தென்படவில்லை. பிறகு பார்த்த மனநல மருத்துவர், இது மனச்சோர்வு நோய் என்று கூறி எஸ்கிடலோபிராம் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. தூக்கம் சற்றுத் தேவலை என்பதைத் தவிர வேறு மாற்றம் இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. மனதைத் திடப்படுத்திக்கொண்டால் போதும் என்கிறார் அப்பா. ஆரம்பித்தால் ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டியிருக்கும், இப்போதே நிறுத்து என்கிறார் அத்தை. தம்பியோ இணையத்தில் அறிகுறிப் பட்டியல்களை வாசித்துவிட்டு, பதற்ற நோய், இருமுனை நோய் (மனம் சோர்வுக்கும் அளவுமீறிய எழுச்சிக்கும் மாறி மாறிச் செல்வது), எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) எல்லாமே தனக்கு இருப்பதாக நம்புகிறான். தூக்கமின்மை, கவனக்குறைவு, எரிச்சல் ஆகியவை எல்லாப் பட்டியல்களிலும் இருக்கும்போது, இன்ன நோய்தான் என்று மருத்துவர் எப்படிப் பிரித்தறிகிறார்? மூன்று வாரம் போதாதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அகநோக்கு எழுதியது:

நான் மனநல மருத்துவத் துறையில் பணிபுரிபவன். தங்கள் தம்பியை நேரில் பார்க்காமல் அவருடைய நோயைப் பற்றி முடிவு சொல்ல இயலாது. பொதுவாக நாங்கள் எப்படி யோசிக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகள் வகுக்கப்பட்டுள்ளன: சோர்ந்த மனநிலை, எதிலும் இன்பமோ நாட்டமோ இல்லாமை, பசியிலோ எடையிலோ மாற்றம், தூக்கக் குறைவு அல்லது மிகுதி, உடல் இயக்கம் மந்தமாதல் அல்லது இருப்புக்கொள்ளாமை, களைப்பு, தான் பயனற்றவன் என்ற எண்ணமும் காரணமற்ற குற்ற உணர்வும், சிந்தனை ஓடாமை, சாவைப் பற்றிய எண்ணங்கள். இவற்றில் ஐந்தேனும், குறைந்தது இரண்டு வாரங்கள், ஏறத்தாழ நாள் முழுவதும் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்றேனும் கட்டாயம் இடம்பெற வேண்டும். அதோடு வேலை, படிப்பு, உறவு ஆகியவற்றில் ஏதோ ஒன்று கண்கூடாகக் குலைந்திருக்க வேண்டும்.

ஆனால் பட்டியலை நிரப்புவது பாதி வேலைகூட அல்ல. ஒரே அறிகுறி பல நோய்களில் வருவது உண்மைதான். அந்த அறிகுறி எப்போது தொடங்கியது, எப்படி வளர்ந்தது, அதற்கு முன் அந்த மனிதர் எப்படி இருந்தார், அந்த அறிகுறிக்குள் என்ன நிகழ்கிறது என்பவைதான் நோய்களைப் பிரிக்கின்றன. தூக்கத்தையே எடுத்துக்கொள்வோம். படுத்ததும் நாளைய கவலைகள் வரிசைகட்டி வந்து தூக்கம் பிடிக்காதவர் பெரும்பாலும் பதற்ற நோயாளி. தூங்கிவிட்டு விடியுமுன்னே விழித்து, அந்த நேரத்தில் மனம் மிகவும் கனத்திருப்பவரிடம் நாங்கள் மனச்சோர்வைத் தேடுவோம். கதவைப் பூட்டினோமா என்று நள்ளிரவு வரை எழுந்து எழுந்து பார்ப்பவருக்குப் போவதும் தூக்கம்தான், ஆனால் நோய் வேறு. மூன்று மணி நேரமே தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல் புத்துணர்ச்சியோடு எழுபவர் எங்களுக்கு மிகுந்த எச்சரிக்கையைத் தருபவர். அது இருமுனை நோயின் எழுச்சிக் கட்டமாக இருக்கலாம்.

உடல் நோய்கள் மனநோயின் வேடத்தில் வருவதும் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தால் மனச்சோர்வு போலவும், கூடினால் பதற்றம் போலவும் தோன்றும். இரத்தசோகை, பி12 குறைபாடு, ஸ்டீராய்டு மருந்துகள், மது ஆகியவற்றையும் விசாரித்தாக வேண்டும். இதயப் பரிசோதனையோடு இவையும் பார்க்கப்பட்டனவா என்று அடுத்த முறை கேளுங்கள்.

மூன்று வாரக் கேள்விக்கு: இவ்வகை மருந்துகளின் பலன் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் தலைகாட்டும், சரியான அளவில் நான்கு முதல் ஆறு வாரங்கள் கொடுத்த பிறகே போதுமா, போதாதா என்று மதிப்பிடுகிறோம். தூக்கமும் பசியும் முதலில் சீராகி, மனநிலை பிறகு மெல்ல மேலேறுவது பலரிடம் காணப்படும் வரிசை. ஆகவே தூக்கம் தேவலை என்று தாங்கள் எழுதியதை நான் வெறும் விதிவிலக்காக வாசிக்கவில்லை. நான்கு வாரம் கடந்தும் சிறு அசைவுகூட இல்லையென்றால் அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா, பேச்சுச் சிகிச்சையைச் சேர்ப்பதா என்று மருத்துவர் முடிவெடுப்பார். முதல் மருந்திலேயே முழுமையாகக் குணமடைபவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே என்று அமெரிக்காவில் நடந்த, 2006இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி ஆய்வு காட்டியது. முதல் மருந்து போதாமல் போவது சிகிச்சையின் முடிவல்ல.

ஈரலை எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்ன அந்த மூன்று மணி நேரத் தூக்கத்தை நான் நேரில் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். என் அக்காவுக்கு முதலில் வந்தது மனச்சோர்வுதான். அப்போது யார் பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அவள் தேறியதாக நாங்கள் மகிழ்ந்தோம். பிறகு தேறுவதற்கும் மேலே போய்விட்டாள். இரவு ஒரு மணிக்கு அலமாரியைக் காலி செய்து அடுக்குவாள். ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன் அடுத்ததற்குத் தாவுவாள். ஒரே வாரத்தில் மூன்று தொழில்கள் தொடங்கத் திட்டமிட்டு, அவற்றில் ஒன்றுக்குச் சேமிப்பில் பெரும்பகுதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டாள். தடுத்தால் கடுங்கோபம். அவளுக்கு மட்டும் தான் நோயுற்றிருப்பதாகத் தோன்றவே இல்லை, ஏனென்றால் வாழ்க்கையிலேயே மிக நன்றாக உணர்ந்த நாட்கள் அவைதான் என்று இன்றும் சொல்கிறாள்.

இப்போது மனநிலையைச் சீராக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறாள். இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பாக இரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். சிறுநீரகமும் தைராய்டும் குறித்த இடைவெளியில் பரிசோதிக்கப்படுகின்றன. வயிற்றுப்போக்கோ கடும் வியர்வையோ வந்து உடலில் நீர் குறைந்தால் உடனே மருத்துவரை அழைக்கும்படி சொல்லியிருக்கிறார்கள்.

கரைவழி அவர்களே, தங்கள் தம்பிக்கு முன்பு எப்போதாவது சில நாட்கள் தூக்கம் தேவைப்படாமல், பேச்சும் செலவும் எல்லை மீறி இருந்தனவா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் அப்படி இருந்ததா என்று யோசித்து, இருந்தால் மருத்துவரிடம் தாங்களாகவே சொல்லிவிடுங்கள். சோர்வாக இருக்கும்போது நோயாளிக்கு அந்த நாட்கள் நினைவுக்கே வருவதில்லை.

அகநோக்கு எழுதியது:

அம்மா மிக முக்கியமானதைச் சொன்னார்கள். எழுச்சி குறைந்தது ஒரு வாரம் நீடித்தால், அல்லது மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தீவிரமானால் அது முழு எழுச்சிக் கட்டம். நான்கு நாட்கள் நீடிக்கும் மிதமான வடிவமும் உண்டு, அது பெரும்பாலும் உற்சாகம் என்றே கடந்துபோகிறது. இருமுனை நோயில் மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் மனநிலை எகிறும் அபாயம் இருப்பதால்தான், மனச்சோர்வோடு வரும் ஒவ்வொருவரிடமும் எழுச்சியைப் பற்றிக் கேட்கிறோம். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அறிமுகப்படுத்திய லித்தியம் இன்றும் இந்த நோயின் முதன்மை மருந்துகளில் ஒன்று. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதற்கு வலுவான சான்றுகள் அதற்கு உண்டு. வால்புரோயேட் முதலிய மாற்று மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் வால்புரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதால் கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களுக்கு அதை இயன்றவரை தவிர்க்கிறோம்.

எதிர்வினா எழுதியது:

மன்னிக்கவும், இந்த இழை ஒரே பக்கமாகப் போகிறது. மூளையில் செய்தி கடத்தும் செரடோனின் என்ற வேதிப்பொருள் குறைவதால் மனச்சோர்வு வருகிறது என்று முப்பது ஆண்டுகளாகச் சொன்னார்கள். 2022இல் வெளியான தொகுப்பாய்வு அதற்குச் சீரான சான்று இல்லை என்று கூறிவிட்டது. அடித்தளமே ஆடிப்போன பிறகும் அதே மாத்திரைகளைப் பரிந்துரைப்பது மருந்து நிறுவனங்களின் வணிகம் அல்லாமல் வேறென்ன?

அகநோக்கு எழுதியது:

கேள்வியின் முதல் பாதியை ஏற்கிறேன். செரடோனின் பற்றாக்குறை என்ற எளிய விளக்கம் ஆய்வாளர்களிடையே பல ஆண்டுகளாகவே செல்வாக்கு இழந்திருந்தது. நோயாளிகளிடம் அதை உறுதியான உண்மைபோல் கூறிவந்தது தவறுதான். ஆனால் ஒரு மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பதும், வேலை செய்கிறதா என்பதும் வெவ்வேறு வினாக்கள். இரண்டாவதற்கு விடை தருபவை, மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிடும் சோதனைகள். 2018இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, 522 சோதனைகளையும் 1,16,477 நோயாளிகளையும் தொகுத்து, ஆராயப்பட்ட 21 மருந்துகளும் போலி மாத்திரையைவிடப் பயன் தருவதாகக் கண்டது. சராசரிப் பயன் மிதமானதே என்பதையும், பெரும்பாலான சோதனைகள் சில வாரங்களே நீடித்தவை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால்தான் லேசான மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பிலேயே மாத்திரை தராமல், பேச்சுச் சிகிச்சையையும் முறையான உடற்பயிற்சியையும் முதலில் பரிந்துரைக்கும் போக்கு வளர்ந்துள்ளது. வேலைக்குப் போக முடியாமல், உண்ணாமல், சாவைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருப்பவர் விஷயம் அப்படியல்ல.

எதிர்வினா எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. வணிகம் பற்றிய என் ஐயம் தீரவில்லை. ஆனால் வழிமுறை தெரியாமலேயே பயன் இருக்கலாம் என்ற வாதத்தை மறுக்க என்னிடம் ஏதும் இல்லை.

அளவுக்கரண்டி எழுதியது:

மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். முகப்பில் நின்று மாத்திரை கொடுக்கும்போது நான் சொல்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

எஸ்கிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றவற்றில் குமட்டல், தலைவலி, வயிற்றுக் கலக்கம், ஒருவித நிலைகொள்ளாமை ஆகியவை முதல் வாரத்திலேயே வரும். பலன் பிறகுதான் வரும். பாதிப் பேர் மருந்தைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான் என்பது என் அனுபவக் கணிப்பு. சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் குமட்டல் குறையும். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். பாலுறவு நாட்டம் குறைவது அப்படித் தானாக அடங்காமல் போகலாம். வெட்கத்தால் இதைச் சொல்லாமல் மாத்திரையை ஓசையின்றி நிறுத்துபவர்கள் ஏராளம். சொன்னால் மருத்துவர் மாற்று வழி காண்பார். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்கத்திலும் அளவு மாறும்போதும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் அந்த வாரங்களில் வீட்டார் கூர்ந்து கவனிக்க வேண்டும். சிறுவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் 2004இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட எச்சரிக்கை, 2007இல் இளையோருக்கும் விரிவாக்கப்பட்டது.

அத்தையின் அச்சத்துக்கு வருகிறேன். முதன்முறை மனச்சோர்வு வந்தவர், முற்றிலும் குணமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் அதே அளவில் தொடர்ந்து, பின்னர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். மீண்டும் மீண்டும் வந்தவர்களுக்கே இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்ற பேச்சு வருகிறது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற சுரீர் உணர்வு ஆகியவை வரலாம். பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் ஆகியவற்றில் இது அதிகம். உடலில் நெடுநாள் தங்கும் ஃப்ளூவாக்ஸெட்டினில் குறைவு. இது போதைப் பழக்கம் அல்ல, ஆனால் பொருட்படுத்தாமல் விடக்கூடியதும் அல்ல.

உண்மையில் பழக்கமாகும் மருந்துகள் வேறு: அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் முதலியவை. பதற்றத்தை அரை மணி நேரத்தில் தணிப்பதால் மக்களுக்கு இவற்றின் மீதுதான் நம்பிக்கை அதிகம். சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் உடல் இவற்றையே சார்ந்துவிடும்; நெடுநாள் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பழைய சீட்டைக் காட்டி இவற்றைத் தொடர்ந்து கேட்பவர்களிடம் நான் மறுத்துத் திட்டு வாங்குவது வழக்கம். மற்றொன்று: வலிக்கு ஐபுபுரோஃபென் வாங்கும்போது தாங்கள் எடுக்கும் மனநல மருந்தைச் சொல்லுங்கள். எஸ்கிடலோபிராமோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். லித்தியத்தோடு சேர்ந்தால் லித்தியத்தின் அளவு இரத்தத்தில் ஏறும்.

படிக்கட்டு எழுதியது:

நெஞ்சடைப்பு என்று கரைவழி எழுதியதைப் பார்த்ததும் பதிலிடத் தோன்றியது. எனக்கு இருந்தது பீதி நோய். ஒன்றுமில்லாத நேரத்தில் இதயம் தடதடக்கும், மூச்சு திணறும், விரல்கள் மரத்துப்போகும், இதோ செத்துவிடுவேன் என்ற உறுதி வரும். சில நிமிடங்களில் உச்சத்தை எட்டிப் பின் தானாக வடியும். முதல்முறை வந்தபோது இதயத்தைப் பரிசோதித்தது முறையான செயல்தான். ஒவ்வொரு முறையும் பரிசோதித்ததுதான் நோயை வளர்த்தது. தாக்குதலைவிட அது மீண்டும் வருமோ என்ற அச்சம் வாழ்க்கையை அதிகம் சுருக்கியது. முதலில் மின்தூக்கியை விட்டேன், பிறகு பேருந்தை, பிறகு தனியாக வெளியே செல்வதை.

சிபிடி என்னும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் உளவியலாளர் என்னைச் சுழல்நாற்காலியில் சுற்றவைத்தார், ஒரே இடத்தில் ஓடவைத்தார், மெல்லிய குழல் வழியாக மூச்சுவிடச் செய்தார். தலைசுற்றலும் படபடப்பும் வேண்டுமென்றே வரவழைக்கப்பட்டன. அவை வந்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை உடல் கற்றுக்கொள்ள வேண்டும், வாயால் சொன்னால் அது நம்பாது. பிறகு மின்தூக்கியில் ஒரு மாடி, இரண்டு மாடி என ஏறினோம்.

கரைவழி எழுதியது:

தம்பியின் நெஞ்சடைப்பு அப்படித் திடீரென வந்து போவதல்ல. காலையில் தொடங்கி மதியம் வரை ஒரே சீராக இருக்கிறது. இந்த வேறுபாடு எனக்கு இப்போதுதான் புலப்படுகிறது. அவனுக்கு எண்ணச் சுழற்சி நோய் இருப்பதாக அவனே சொல்வதைப் பற்றியும் யாராவது கூற முடியுமா? நானே முடிவு செய்யப் போவதில்லை. மருத்துவரிடம் சரியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே நோக்கம்.

தாழ்ப்பாள் எழுதியது:

ஓசிடி எனப்படும் அந்த நோயோடு பதின்பருவம் முதல் வாழ்கிறேன். வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள் எல்லாம் தமக்கு ஓசிடி இருப்பதாகச் சிரித்துக்கொண்டு சொல்வது எனக்குச் சலிப்பூட்டும். ஒழுங்கை விரும்புவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அழையாத ஓர் எண்ணம் நுழைகிறது: கைக்குழந்தையைத் தூக்கியிருக்கும் தாய்க்குக் கீழே போட்டுவிடுவேனோ என்று தோன்றுவதுகூட இவ்வகைதான். அந்த எண்ணம் அவளுக்கு அருவருப்பும் அச்சமும் தருகிறது; அதைச் செய்ய விரும்புபவளாக இருந்தால் அவள் அஞ்சவே மாட்டாள். அந்த அச்சத்தைத் தணிக்கக் கழுவுவது, சரிபார்ப்பது, எண்ணுவது, மனதுக்குள் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்வது ஆகியவை தொடங்குகின்றன. தணிவு சிறிது நேரமே நிற்கும். அடுத்த முறை இன்னும் ஒரு தடவை கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கும். இவை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடுங்கிக்கொண்டால் அல்லது வாழ்க்கையைக் குலைத்தால்தான் நோய்.

சிகிச்சையில், கழிவறைக் கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். பதற்றம் எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண் சொல்ல வேண்டும். ஒன்பது என்று சொல்லிக்கொண்டு, கையை உடலிலிருந்து தள்ளி நீட்டியபடியே அமர்ந்திருந்தேன். அது மெல்ல ஆறானது, நான்கானது. நான் கழுவியதால் அல்ல, கழுவாமல் இருந்ததால். மருந்தும் எடுத்தேன். ஓசிடிக்கு அதே வகை மாத்திரைகளே என்றாலும் பெரும்பாலும் கூடுதல் அளவும், எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை பொறுமையும் தேவைப்படும். வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி, “பூட்டிவிட்டாய், நானே பார்த்தேன்” என்று நூறு முறை உறுதி சொல்வதைச் சிகிச்சையாளரின் வழிகாட்டுதலோடு படிப்படியாக நிறுத்துவது.

பின்மாலை எழுதியது:

என் கேள்வி வேறு. கல்லூரியில் படிக்கும் உறவினர் மகன், பக்கத்து அறையில் இருப்பவர்கள் தன்னைப் பற்றிப் பேசுவதாகவும் தன் கைப்பேசி வழியாகக் கண்காணிப்பதாகவும் சில மாதங்களாகச் சொல்கிறான். குளிப்பது குறைந்துவிட்டது, நண்பர்கள் இல்லை. இதுவும் பதற்றம்தானா?

அகநோக்கு எழுதியது:

காலம் தாழ்த்தாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இல்லாத குரல்கள் கேட்பது, எவ்வளவு விளக்கினாலும் அசையாத தவறான நம்பிக்கை, பழக்கவழக்கங்கள் சரிவது ஆகியவை மனச்சிதைவு உள்ளிட்ட நோய்களின் அறிகுறிகளாக இருக்கலாம். கஞ்சா போன்ற பொருட்களாலும் வரலாம். முதல் முறை தோன்றியதிலிருந்து சிகிச்சை தொடங்கும் வரையான இடைவெளி நீள நீள மீட்சி கடினமாகிறது என்பதால் நான் அவசரப்படுத்துகிறேன். அவனுடைய நம்பிக்கை பொய் என்று வாதிட வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். அதனால் அவனுக்கு ஏற்படும் பயத்தையும் தூக்கமின்மையையும் பற்றிப் பேசி அழைத்துவாருங்கள். ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் போன்ற மருந்துகள் தரப்படும்; எடையும் சர்க்கரையும் ஏறக்கூடும் என்பதால் தொடக்கத்திலேயே அளந்து வைத்துக்கொள்வோம். தினமும் மாத்திரை எடுக்க மறப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசிகள் உண்டு. இரண்டு மருந்துகள் பலிக்காதபோது குளோசபின் பயன்படும். வெள்ளையணுக்கள் குறையும் அபாயத்தால் அதற்கு இரத்தப் பரிசோதனை தொடர்ந்து தேவை.

ஈரலை எழுதியது:

மின்னதிர்வுச் சிகிச்சை பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் ஐயா. அக்காவுக்கு அதைப் பரிந்துரைத்தபோது குடும்பமே அழுதது.

அகநோக்கு எழுதியது:

1938இல் இத்தாலியில் தொடங்கியபோது மயக்கமருந்து இன்றிச் செய்யப்பட்டதால் வந்த பயம் அது. இன்று மயக்கம் கொடுத்து, தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே, சில விநாடிகள் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. வாரம் இரண்டு அல்லது மூன்று என ஆறு முதல் பன்னிரண்டு முறை வழக்கம். சிகிச்சையை ஒட்டிய நாட்களின் நினைவுகள் சில அழியலாம். சிலருக்கு அதற்கு முந்தைய மாதங்களின் நினைவுகளும் திரும்பாமல் போகலாம். இதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். உண்ணவும் பேசவும் மறுக்கும் அளவுக்கு முற்றிய மனச்சோர்வில் இதைவிட விரைவாகப் பலன் தருவது அரிது.

கரைவழி எழுதியது:

இன்னும் ஒன்றைக் கேட்கத் தயங்கிக்கொண்டே இருந்தேன். நான் இல்லாமல் இருந்தால் உங்களுக்கு நிம்மதி என்று தம்பி சென்ற வாரம் சொன்னான். அதைப் பற்றி அவனிடம் நேரடியாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போல் ஆகிவிடாதா?

அகநோக்கு எழுதியது:

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் தோன்றுவதில்லை என்பது ஆய்வுகளால் தெளிவுபட்ட ஒன்று; பெரும்பாலோர் கேட்கப்பட்டதில் ஆறுதலே அடைகிறார்கள். இன்றே, தனியாக இருக்கும்போது, சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, நேரம் குறித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அதிர்ச்சியையோ அறிவுரையையோ முதலில் காட்டாதீர்கள். திட்டம் இருப்பதாகத் தெரிந்தால் தனியே விடாமல் உடனடியாக அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். திட்டம் இல்லை என்றாலும், அவர் சொன்ன அந்த வாக்கியத்தை நாளையே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

அளவுக்கரண்டி எழுதியது:

கூடவே ஒன்று செய்யுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், அப்பாவுடையவை உட்பட, தங்கள் பொறுப்பில் பூட்டி வையுங்கள். பூச்சிமருந்து இருந்தால் வீட்டிலிருந்தே அகற்றிவிடுங்கள். தம்பியின் மருந்தை ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல் ஒரு வாரத்துக்கு மட்டும் தரும்படி மருந்தகத்தில் கேட்கலாம். காரணம் சொல்லவேண்டிய தேவைகூட இருக்காது.

கரைவழி எழுதியது:

நேற்றிரவே கேட்டேன். எண்ணம் வருகிறது, திட்டம் ஏதும் இல்லை என்றான். பிறகு நெடுநேரம் பேசினான். காலையில் மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். சந்திப்பை நாளைக்கே மாற்றியிருக்கிறார். மருந்துகள் என் அலமாரியில் இருக்கின்றன. தைராய்டு, பி12 பரிசோதனைகள், முன்பு எழுச்சி இருந்ததா என்பது, நெஞ்சடைப்பு வரும் நேரம், தூக்கத்தில் கண்ட மாற்றம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துள்ளேன். அப்பாவும் உடன் வருகிறார். ஒருநாள் மாத்திரை தவறிவிட்டால் மறுநாள் இரண்டாகக் கொடுக்கலாமா என்பது மட்டும் அந்தத் தாளில் விடுபட்ட கேள்வி.

அளவுக்கரண்டி எழுதியது:

வேண்டாம். அன்றைக்கே நினைவு வந்தால் கொடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தால் தவறியதை விட்டுவிட்டு வழக்கமான ஒன்றை மட்டும் வழக்கமான நேரத்தில் கொடுங்கள்.